பழைய காருக்குப் புது ஸ்பீக்கர்: கடையில் தொடங்குவதா, கதவில் தொடங்குவதா?

2010 மாடல் ஹேட்ச்பேக் ஒன்றைப் பதினைந்து ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். பதிவுச் சான்றை மேலும் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்து வாங்கிய சில நாள்களிலேயே, ஓட்டுநர் பக்கக் கதவில் இருந்த ஸ்பீக்கர், மிருதங்கத்தில் தொப்பி விழும் இடங்களிலெல்லாம் சருகை மிதித்தாற்போல் சரசரக்கத் தொடங்கியது. கதவின் உட்புற மூடியான டோர் பேடைக் கழற்றிப் பார்த்தேன். காகிதக் கூம்பு ஓரளவு நன்றாகவே இருந்தது. கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் ஃபோம் வளையம்தான் விரல் பட்டதும் பொரித்த அப்பளம் போல் நொறுங்கி விழுந்தது. சட்டத்தின் அடியில் துரு இருந்தது, காந்தத்தின் மேல் நீர் வழிந்து காய்ந்த வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் ஏறும் சூடும், ஐப்பசி கார்த்திகை மழையில் கதவுக்குள் இறங்கும் நீரும், கடற்காற்றின் உப்பும் சேர்ந்து இத்தனை ஆண்டு வேலை செய்த பிறகு, அந்தப் பொருள் அதுவரை பாடியதே பெரிது.

இந்த நிலையில், சென்னையில் கார் ஆக்சசரி கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போகும் எவருக்கும் ஆறேழு வழிகள் காட்டப்படும். பழையதையே சரி செய்யலாம், அதே அளவில், உயர்ந்த சுரங்களைப் பாடும் சிறிய ட்வீட்டர் உள்ளேயே இருக்கும் கோ-ஆக்சியல் மாட்டலாம், ட்வீட்டர் தனியாக வரும் காம்போனென்ட் செட் வாங்கலாம், பின்பலகையில் ஆறுக்கு ஒன்பது அங்குல ஓவல் ஸ்பீக்கர் வைக்கலாம், ஸ்டீரியோவையே மாற்றலாம், ஒலியின் திறனைக் கூட்டும் ஆம்ப் போடலாம், தாழ்ந்த சுரங்களுக்கென்றே ஊஃபர் போடலாம். கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வார், எதை முதலில் செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்ல மாட்டார். என் கையில் இருந்தது 20,000 ரூபாய். வண்டிக்கு மிச்சம் இருப்பது ஐந்து ஆண்டு. நாள்தோறும் அண்ணா நகரிலிருந்து சிறுசேரி வரை கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, பெரும்பாலும் தனியாக ஓட்டுபவன் நான். இந்த மூன்றையும் வைத்துத்தான் கீழே உள்ள ஒப்பீடு. பின் இருக்கையில் எப்போதும் ஆள் இருக்கும் வண்டிக்கு விடை சற்று மாறலாம்.

பழையதைச் சரி செய்வது பலர் எண்ணுவதைப் போல் பைத்தியக்காரத்தனம் அல்ல. மைக் செட் ஸ்பீக்கர்களுக்குக் கூம்பு மாற்றித் தரும் தொழிலாளர்கள் சென்னையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் கார் ஸ்பீக்கருக்கும் வளையம் ஒட்டித் தருவார்கள். கூம்பும் அதை அசைக்கும் கம்பிச் சுருளும் நன்றாக இருந்தால் குறைந்த செலவில் சரசரப்பு நின்றுவிடும். ஆனால் தொழிற்சாலையில் போட்ட ஸ்பீக்கரின் அடிப்படைக் குறை வளையத்தில் இல்லை. சிறிய காந்தம், மெல்லிய சட்டம், பெரும்பாலும் ட்வீட்டரே இல்லாத ஒற்றைக் கூம்பு என்று செலவைக் குறைத்துச் செய்யப்பட்ட பொருள் அது. புது வளையம் போட்டால் அது புதிதாக இருந்தபோது பாடிய அளவுக்குப் பாடும், அவ்வளவே. ஓராண்டுக்குள் வண்டியை விற்கப்போகிறவருக்கு இந்த வழியே போதும்.

அடுத்து வாட் கணக்கைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் கடையில் முதலில் நீட்டப்படும் எண் அதுதான். அட்டைப்பெட்டியில் 300 வாட், 400 வாட் என்று கொட்டை எழுத்தில் இருப்பது ஒரு கணம் தாங்கும் உச்ச அளவு; தொடர்ந்து தாங்கும் ஆர்.எம்.எஸ். அளவு பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அதைவிட முக்கியம், அந்த வாட்டைக் கொடுக்க வண்டியில் யார் இருக்கிறார்கள் என்பது. தனி ஆம்ப் இல்லாத ஸ்டீரியோ, எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் ஏறத்தாழ 14.4 வோல்ட்டை வைத்துத்தான் வேலை செய்கிறது. அந்த மின்னழுத்தத்தில் 4 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாமல் கொடுக்கக்கூடிய திறன், ஏட்டுக் கணக்கிலேயே 26 வாட்டைத் தாண்டாது. இழப்புகளைக் கழித்தால் 15 முதல் 20 வரை கிடைத்தால் நல்லது. ஸ்டீரியோவின் முகப்பில் ‘50 வாட் × 4’ என்று அச்சிட்டிருப்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

ஆகவே ஆம்ப் போடப்போவதில்லை என்றால், பெட்டியில் தேட வேண்டியது சென்சிட்டிவிட்டி என்ற எண். ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் ஒலி வருகிறது என்பதைச் சொல்லும் எண் அது. 3 டெசிபல் கூடுவது என்பது திறனை இரண்டு மடங்காக்குவதற்குச் சமம். 92 டெசிபல் உள்ள ஸ்பீக்கர் 15 வாட்டில் எழுப்பும் ஒலியை, 86 டெசிபல் உள்ள ஸ்பீக்கர் எழுப்புவதற்கு 60 வாட் வேண்டும். விலை உயர்ந்த சில காம்போனென்ட் செட்டுகள் தனி ஆம்ப்பை நம்பிச் செய்யப்படுவதால் அவற்றில் இந்த எண் குறைவாகவே இருக்கும். அவற்றைப் பழைய ஸ்டீரியோவில் நேராக மாட்டியவர்கள், காசு போட்டும் சத்தம் குறைந்துவிட்டதே என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான். நிறுவனங்கள் இந்த எண்ணை வெவ்வேறு முறையில் அளப்பதால் ஒன்றிரண்டு டெசிபல் வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நான்கு ஐந்து என்று விலகினால் கவனிக்க வேண்டும்.

கோ-ஆக்சியலா, காம்போனென்ட்டா என்பதில்தான் நான் அதிக நாள் தடுமாறினேன். கோ-ஆக்சியலில் ட்வீட்டர் கூம்பின் நடுவிலேயே நிற்கும்; பழைய துளையில் பொருத்தி, பழைய இரண்டு வயரைக் கொடுத்தால் வேலை முடிந்தது. அதன் குறை, ட்வீட்டர் எழுப்பும் ஒலி முழங்கால் உயரத்திலிருந்து, காலை நோக்கி வருவது. உயர்ந்த சுரங்கள் நேர்கோட்டில் பாய்பவை. ஜால்ராவும் மோர்சிங்கும் டேஷ்போர்டுக்கு மேலே கேட்க வேண்டிய இடத்தில் பெடலுக்குப் பக்கத்தில் கேட்கும். காம்போனென்ட்டில் ட்வீட்டரைக் கண்ணாடி முக்கோணத்திலோ டேஷ்போர்டு மூலையிலோ வைத்துக்கொள்ளலாம். குரல் கண்ணுக்கு நேராக எழும்பிவிடும். ஆனால் அதற்கு, உயர்ந்த சுரங்களையும் தாழ்ந்த சுரங்களையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் வைக்க இடம் வேண்டும், ட்வீட்டருக்குத் தனி வயர் இழுக்க வேண்டும், கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய் வழியாக வயரை நுழைக்கப் பொறுமை உள்ள கை வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத கடையில் கதவில் புதுத் துளை போடுவார்கள், அடுத்த மழையில் அந்தத் துளை தன் வேலையைக் காட்டும்.

இங்கே எதைக் கேட்கிறோம் என்பதும் கணக்கில் வரும். பண்பலை ஒலிபரப்பு ஏறக்குறைய 15 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கொண்டுவரும். காலையில் 101.4-இல் ரெயின்போவைப் போட்டுவிட்டு அலுவலகம் போய்ச் சேர்பவர், 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் பாடும் ட்வீட்டருக்குக் காசு கொடுப்பது, தயிர் சாதத்துக்குக் குங்குமப்பூ தூவுவது போன்றது. நல்ல கோப்புகளையோ தரமான ஸ்ட்ரீமிங்கையோ வயர் வழியாகக் கேட்பவருக்கே காம்போனென்ட்டின் மேன்மை புரியும். நான் இரண்டாம் வகை என்பதால், கடைசியில் நடுத்தர விலையில், 90 டெசிபலுக்கு மேல் சென்சிட்டிவிட்டி உள்ள ஆறரை அங்குல காம்போனென்ட் செட் ஒன்றை முன்கதவுகளுக்கு எடுத்தேன். முதல் வகையாக இருந்திருந்தால் அதே நிறுவனத்தின் கோ-ஆக்சியலை வாங்கி, மிச்சப் பணத்தைக் கதவில் போட்டிருப்பேன்.

ஓவல் ஸ்பீக்கருக்கு நம் ஊரில் தனி மவுசு உண்டு. டிக்கியைத் திறந்தால் பின்பலகையில் இரண்டு ஓவல் தெரிய வேண்டும் என்பது ஒரு காலத்தில் கல்யாண சீர்வரிசை போலவே கருதப்பட்டது. பரப்பளவைப் பார்த்தால் ஆறுக்கு ஒன்பது ஓவல், ஆறரை அங்குல வட்டத்தைவிடக் கால் பங்குக்குச் சற்று அதிகம். ஆகவே தாழ்ந்த சுரங்கள் அதில் கூடுதலாகக் கிடைப்பது உண்மைதான். சேடான் வகை வண்டியில், பின்பலகை தகடாகவும் டிக்கி மூடிய பெட்டியாகவும் இருக்கும்போது அது நன்றாகவே வேலை செய்யும். ஹேட்ச்பேக்கில் பின்பலகை என்பது இரண்டு கயிற்றில் தொங்கும் அழுத்தப்பட்ட நார் அட்டை. ஸ்பீக்கர் அதிரும் போது அதுவும் சேர்ந்து அதிரும். அதைவிடப் பெரிய குறை, பாடகர் நம் முதுகுக்குப் பின்னால் நின்று பாடுவது. கச்சேரிக்குப் போனால் யாரும் மேடைக்கு முதுகைக் காட்டி உட்காருவதில்லை. பின் இருக்கையில் பெரியவர்கள் அமர்ந்தால், முன்னால் இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்று ஏற்றும் ஒலி அவர்கள் காதருகே அறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த வழியை நான் ஒதுக்கினேன். பின்கதவில் இருந்த பழைய ஸ்பீக்கர்கள் கிழியாமல் இருந்ததால் அவற்றை அப்படியே விட்டு, பின்னால் போகும் ஒலியை மட்டும் குறைத்து வைத்திருக்கிறேன்.

இப்போது கதவுக்கு வருகிறேன். என் கருத்தில் மற்ற எல்லாத் தேர்வுகளையும்விட இதுவே பெரியது. வீட்டு ஸ்பீக்கர் மரப்பெட்டிக்குள் இருக்கிறது. காரில் அந்தப் பெட்டியின் வேலையைக் கதவு செய்ய வேண்டும். கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் காற்று இழுபடும். முன்னால் எழும் அலையும் பின்னால் எழும் அலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. கதவின் உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும்; அவற்றை மூடியிருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டுமே. பின் அலை அந்த ஓட்டைகள் வழியாக வெளியே வந்து முன் அலையைச் சந்தித்து அழிக்கும்போது, முதலில் காணாமல் போவது தாழ்ந்த சுரங்கள். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதன் முழு ஆழத்தை எந்தக் கதவு ஸ்பீக்கரும் தராது. ஆனால் அதற்கு மேலே, 70 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி ஒழுங்காக வந்தாலே இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனிக் கதை சொல்லிக்கொண்டு போவது காதில் விழும். ஓட்டைக் கதவில் அந்தக் கதை விழுவதில்லை. 3,000 ரூபாய் ஸ்பீக்கரானாலும் 30,000 ரூபாய் ஸ்பீக்கரானாலும் அந்த ஓட்டை ஒரே அளவுதான்.

இதற்கான மருந்து, அதிர்வை அடக்க ஒட்டும் டேம்பிங் ஷீட். வெளித்தகட்டின் உட்புறத்தில் ஏறக்குறைய கால்வாசிப் பரப்பில் ஒட்டினாலே தகட்டின் ‘டங்’ என்ற அதிர்வு பெருமளவு அடங்கும்; பிறகு உள்தகட்டின் ஓட்டைகளை மூட வேண்டும். கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். அலுமினியப் படலத்தின் அடியில் பியூட்டைல் ரப்பர் உள்ளது ஒன்று. மொட்டைமாடிக்குத் தண்ணீர்க்காப்பாக ஒட்டும் தார் ஷீட்டின் உறவுக்காரர் மற்றொன்று. இரண்டாவது பாதி விலைக்கு வருகிறது என்று ஆசைப்பட வேண்டாம். நம் மே மாத வெயிலில் அது இளகி, கதவுக்குள் வழிந்து, வண்டி முழுக்க ரோடு போடும் இடத்து வாடையை அடிக்கும். ஒட்டும்போது கதவின் அடியில் உள்ள நீர் வெளியேறும் துளைகளை அடைத்துவிடக் கூடாது. கண்ணாடியை ஒட்டிய ரப்பர் பட்டையான பீடிங் வழியாக மழைநீர் உள்ளே இறங்குவது குறையல்ல, கதவு அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அந்த நீர் கீழ்த்துளை வழியாக வெளியேற வேண்டும். அடைத்தால் கதவு தொட்டியாகும், இரண்டு மழைக்காலத்தில் தகடு அரித்துவிடும்.

இதே காரணத்தால் ஸ்பீக்கருக்கும் கதவுக்கும் நடுவே வரும் வளையத்தை, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் வெட்டித் தருவதை ஏற்காதீர்கள். அது நீரைக் குடித்து ரொட்டி போல் ஊதும். திருகாணி பிடி இழக்கும். கெட்டியான பிளாஸ்டிக் வளையமோ, பெயின்ட் அடித்த மரைன் பிளைவுட்டோ நிற்கும். கூம்பும் காகிதத்தைவிடப் பாலிபுரொப்பிலீன், கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் வளையமும் ஃபோமைவிட ரப்பர் என்று எடுப்பது இந்த ஊருக்குப் பொருந்தும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை; 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் கதவு உயரத்துக்கு நீர் நின்ற தெருக்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

பொருத்தும் இடத்தில் நான் பட்டதையும் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த இளைஞர் முதலில் கட்டிங் பிளேயரை எடுத்துக் வயர்களை இணைக்கும் கம்பெனிக் கப்ளரை வெட்டப் போனார். அதைத் தடுத்து, பொருத்தமான கப்ளர் வாங்கிவரச் சொன்னதில் அரை மணி நேரம் போனது. அந்த அரை மணிக்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு இந்த வெக்கையில் பசை இளகி அவிழ்ந்துவிடும். எல்லாம் மாட்டி முடித்துப் பாட்டுப் போட்டால் பழைய கிழிந்த ஸ்பீக்கரில் இருந்த பேஸ்கூட இல்லை. “ஓட ஓடத்தான் சார் செட் ஆகும்” என்றார் அவர். பேலன்ஸை முழுக்க வலப்பக்கம் திருப்பினேன், பேஸ் வந்தது. முழுக்க இடப்பக்கம் திருப்பினேன், அப்போதும் வந்தது. நடுவில் வைத்தால் மறைந்தது. ஒரு பக்கம் பிளஸும் மைனஸும் மாறியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. ஒரு கூம்பு முன்னால் வரும்போது மற்றது பின்னால் போய், இரண்டும் ஒன்றையொன்று தின்கின்றன. டோர் பேடை மாட்டுவதற்கு முன் ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியை ஸ்பீக்கர் வயரில் ஒரு நொடி தொட்டுப் பார்த்தால் போதும்: பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸில் பட்டால் கூம்பு வெளிப்பக்கம் துள்ளும். அதே சமயத்தில் கண்ணாடியை முழுக்க இறக்கி, காந்தத்தின் முதுகில் இடிக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது.

ஸ்டீரியோவை மாற்றுவது, ஆம்ப் போடுவது ஆகிய இரண்டையும் நான் இப்போதைக்குத் தள்ளி வைத்தேன். ஒன்பது அங்குலத் திரை வைத்த ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ கடைகளில் அதிகம் விற்கிறது; ரிவர்ஸ் கேமராவும் வரைபடமும் வேண்டும் என்றால் வாங்குங்கள், ஒலிக்காக வாங்காதீர்கள், ஏனெனில் உள்ளே இருக்கும் ஆம்ப்புக்கும் அதே 14.4 வோல்ட் வரம்பு பொருந்தும். புளூடூத் இல்லாத குறையைப் போக்கச் சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரை வாங்குவது மலிவு, ஆனால் நல்ல பாட்டை மறுபடியும் பண்பலை வழியாக வடிகட்டுவது அது. வயர் வழியாகப் பாட்டைக் கொடுக்கும் ஆக்ஸ் துளை இருக்கும் வண்டியில் சிறிய புளூடூத் ரிசீவரை அதில் செருகுவது மேல். ஸ்டீரியோவை மாற்றத்தான் வேண்டும் என்றால், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை முன் ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுக்கும் ஹைபாஸ் ஃபில்டரும், இரு பக்க ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரச் செய்யும் டைம் அலைன்மென்ட்டும் உள்ளதைத் தேடலாம். வலப்பக்கம் உட்காரும் ஓட்டுநருக்கு இடக்கதவு இரண்டடி வரை அதிகத் தொலைவு. ஒலி ஒரு மில்லி நொடியில் கடப்பது ஏறத்தாழ 35 சென்டிமீட்டர்தான்.

நாலு சேனல் ஆம்ப் கதவு ஸ்பீக்கர்களை உண்மையிலேயே விழிக்க வைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் சேனலுக்கு 50 வாட் வீதம் 200 வாட்டை முழுதாக எடுத்தால் பழைய வகை ஆம்ப் 24 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். ஏசியும் ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடும் மழை மாலையில், கத்திப்பாரா நெரிசலில் ஐடிலில் நிற்கும் பழைய சிறிய வண்டியில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிடம் அதைக் கேட்பது நியாயமா என்று யோசித்தேன். போடுவதாக இருந்தால் பேட்டரியிலிருந்து நேரடியாகத் தனி வயர், பேட்டரிக்கு அரை மீட்டருக்குள் ஃபியூஸ், செம்பு பூசிய அலுமினியம் அல்லாத அசல் செம்பு வயர் ஆகிய மூன்றிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஃபியூஸ் இல்லாத வயர் எங்கேனும் உராய்ந்து வண்டியின் உடலைத் தொட்டால் முதலில் எரிவது பாட்டு அல்ல. கூடுதலாகப் போட்ட மின்சாதனங்களைக் காப்பீட்டில் தனியாகக் குறிப்பிடவும் வேண்டும்.

ஊஃபரைப் பொறுத்தவரை, டிக்கியில் பெரிய பெட்டி வைப்பது என்னைப் போல் வாரம் ஒருமுறை கேன் தண்ணீரும் அரிசி மூட்டையும் ஏற்றுபவருக்கு ஒத்துவராது. இருக்கைக்கு அடியில் நுழையும், ஆம்ப் உள்ளேயே இருக்கும் எட்டு அங்குல வகை ஒன்று உண்டு. கதவு ஸ்பீக்கர் விட்ட இடத்தில் தொடங்கி இன்னும் கொஞ்சம் கீழே கொண்டுபோகும். தரைவிரிப்பு நனையும் தெருவில் இருப்பவர்கள் அதையும் யோசித்தே வாங்க வேண்டும்.

கடைசியில் எனக்கு ஆன கணக்கு: முன்கதவுக்குக் காம்போனென்ட் 7,500, இரண்டு கதவுக்குப் பியூட்டைல் ஷீட் ஒட்டியது 4,000, வளையம், கப்ளர், வயர், கூலி எல்லாம் சேர்த்து 2,500. ஒதுக்கியதில் 6,000 ரூபாய் மிச்சம். கதவைச் சாத்தும்போது கேட்கும் சத்தமே மாறிவிட்டது. முன்பு தகர டப்பா மூடுவது போல் இருந்தது, இப்போது ‘தப்’ என்று அடங்குகிறது. மிச்சப் பணத்தை இருக்கையடி ஊஃபருக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன். வரும் மழைக்காலத்தில் தரைவிரிப்பு நனைகிறதா என்று பார்த்த பிறகுதான் வாங்குவேன்.